வாகைக்குளத்திலிருந்து கோவைக்கு 278 கிலோமீட்டர்

2025 பொங்கல் முடிந்த வாரம். அம்மா காலையில் முகம் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். "எய்யா, இடது கண்ணுல கீழயிருந்து கறுப்பா ஒரு திரை ஏறுன மாதிரி இருக்கு. தொடச்சாலும் போவ மாட்டேங்கு" என்றாள். இரண்டு நாளாகவே கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது, மின்னல் வெட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வயசுக்கோளாறு என்று விட்டிருந்தோம். அப்படி விடக்கூடாது. பூச்சியும் மின்னலும் திடீரென்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். பாளையங்கோட்டையில் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பிறகு வெகுநேரம் பார்த்தார். விழித்திரை விலக ஆரம்பித்திருக்கிறது, மையப் பகுதி இன்னும் தப்பியிருக்கிறது, ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார்.

ஆபரேஷனை இங்கேயே செய்திருக்கலாம். திருநெல்வேலியிலும் மதுரையிலும் அதற்கு நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நாள் கணக்கில் தலையைக் குனிந்தே வைத்திருக்க வேண்டும், நேரத்துக்கு நேரம் மருந்து விட வேண்டும். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கோ ஷிப்ட் வேலை. அக்கா கோவையில் இருக்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸாக வேலை பார்த்தவள். விஷயத்தைச் சொன்ன ஒரு மணி நேரத்தில் அங்கே டாக்டரிடம் பேசிவிட்டு, "நாளை மறுநாள் காலைல பண்ணிரலாங்காங்க தம்பி. நாளைக்கு ராத்திரிக்குள்ள அம்மாவ இங்க கொண்டாந்து சேத்துரு" என்றாள்.

நாகர்கோவில் – கோயம்புத்தூர் இரவு ரயிலில் அன்றைக்கு வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நின்றது. தட்கல் எடுத்தாலும் மறுநாள் இரவு வண்டிதான், ஆபரேஷன் அன்று காலையில்தான் போய் இறங்க முடியும். கார் என்றால் 350 கிலோமீட்டருக்கு மேல், ஏழு மணி நேரம். அம்மாவுக்கு முதுகுத் தண்டில் ஏற்கெனவே தேய்மானம். "காரு வேண்டாம்ல, நடு முதுகு விட்டுப்போயிரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் போனில் தூத்துக்குடியிலிருந்து கோவைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடினேன். உடனே விடை வந்தது: 278 கிலோமீட்டர், பயண நேரம் 50 நிமிஷம். மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கினமாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அம்பாசமுத்திரம் பஸ்ஸுல போற நேரம்கூட இல்லியே" என்று அவளும் தெம்பானாள். அந்த 50 நிமிஷத்தை நம்பித்தான் அன்றைக்கு மற்ற எல்லா வழியையும் நான் கைவிட்டேன்.

டிக்கெட் எடுக்கப் போனால் நேரடி விமானமே இல்லை. தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். நான் தேடிய நாளில் அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் விமானம் இருந்தது. கோவைக்கு இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த 50 நிமிஷம்? பிற்பாடு அக்கா வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் நானே போட்டுப் பார்த்தேன். வாகைக்குளம் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 8.72. கோவை 11.03. வித்தியாசம் 2.31 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால் தெற்கு வடக்காக 256 கிலோமீட்டர். தீர்க்கரேகை வித்தியாசம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அது கிழக்கு மேற்காக 108 கிலோமீட்டர். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 278 வந்துவிடுகிறது. அதை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 50 நிமிஷம். இந்தக் கணக்குக்கு விமானமே தேவையில்லை. எந்த இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தாலும் விடை வரும். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா இல்லையா என்பது அந்தக் கணக்குக்குள் வரவே வராது.

சென்னை சுற்றித்தான் போக வேண்டும் என்று ஆனது. வாகைக்குளம் – சென்னை 530 கிலோமீட்டர், சென்னை – கோவை 405 கிலோமீட்டர். 278 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு 935 கிலோமீட்டர் வானத்தில் சுற்று. பொங்கலுக்கு ஊருக்கு வந்த கூட்டம் திரும்புகிற வாரம் என்பதால் கட்டணமும் எகிறிக் கிடந்தது. இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இன்னும் கூடுதல். தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் குறைந்தது. தனித்தனியாகவே எடுத்தேன். காலை 9 மணிக்கு இங்கே கிளம்பி 10.35க்குச் சென்னை. அடுத்தது 12.15க்கு. நடுவில் ஒரு மணி நாற்பது நிமிஷம் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆறரை மணிக்குக் கிளம்பினோம். பாளையங்கோட்டையிலிருந்து வாகைக்குளம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. ஏழேகாலுக்கெல்லாம் விமான நிலையம். அப்போது பழைய கட்டடம்தான், நம்மூர் பஸ் ஸ்டாண்ட் காத்திருப்பு அறை போல அடக்கமாக இருக்கும். உள்ளே போனதும் பலகையைப் பார்த்தேன். எங்கள் விமானம் தாமதம். சென்னையில் பனிமூட்டமாம்.

இங்கே வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, சென்னைப் பனி நம்மை என்ன செய்யும் என்று ஒரு பெரியவர் கவுண்ட்டரில் கேட்டார். எனக்கும் அதே கேள்வி. விஷயம் இதுதான்: வாகைக்குளத்தில் இரவு தங்கி நிற்கும் விமானம் கிடையாது. சென்னையிலிருந்து காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் விமானம்தான் இங்கே இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. அது அங்கே கிளம்பினால்தான் நமக்கு விமானம். தை மாசக் காலையில் சென்னையில் பனியோ, போகி சமயத்தில் புகையோ மூடினால் அதன் பலன் இங்கே வந்து விழும். அதனால் இப்போதெல்லாம் யாராவது வாகைக்குளத்தில் விமானம் ஏறப் போகிறார்கள் என்றால் நான் சொல்வது, நம் விமானத்தின் நேரத்தைப் பார்க்காதீர்கள், நம்மை ஏற்றிப்போக வருகிற விமானம் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டதா என்று பாருங்கள். ஃபிளைட்ரேடார் மாதிரி செயலியில் அது தெரியும். அது கிளம்பவில்லை என்றால், வீட்டிலேயே இன்னும் ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பனி சட்டென்று கலைந்தால் தாமதம் குறைந்துவிடும், கவுண்ட்டர் மூடும் நேரம் நமக்காக நீளாது.

விமானம் பத்தேகாலுக்கு வந்தது. பத்தேமுக்காலுக்கு ஏற்றினார்கள். ஏடிஆர் ரகம், இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானம். இந்த விமானத்தில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறுவார்கள், படியும் அதோடே சேர்ந்த நாலைந்து படிதான். முட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய விமானத்தின் உயரப் படியைவிட இது சுலபம். இடம் தேர்ந்தெடுக்கும்போது பின் வரிசையாக எடுத்தால் ஏறின உடனே உட்காரலாம், இறங்கும்போதும் முதலில் இறங்கலாம். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே தரை தெரியும். கையில் கொண்டுபோகிற பெட்டி மட்டும் சின்னதாக இருக்க வேண்டும். தலைக்கு மேல் உள்ள அலமாரியில் பெரிய டிராலி நுழையாது.

கிழக்கே பார்த்து எழும்பியது. இரண்டு மூன்று நிமிஷத்தில் உப்பளங்கள் வந்தன. பாத்தி பாத்தியாக, ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று லேசான ரோஸ். வெள்ளைக் குவியல்கள் வரிசையாக. அம்மா இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள். பிறகு கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இந்தக் கண்ணுல பாதிக்கு மேல இல்லய்யா" என்றாள். காலையில் திரை எவ்வளவு உயரம் ஏறியிருந்ததோ அதைவிட ஏறியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கடல் வந்ததும் ஜன்னல் திரையை அவளே இழுத்து மூடிவிட்டாள்.

530 கிலோமீட்டரை ஏடிஆர் மணிக்கு 500 சொச்சம் வேகத்தில் போனால் ஒரு மணி நேரம்தானே ஆக வேண்டும்? கால அட்டவணையில் ஒன்றரை மணிக்குக் குறையாமல்தான் போட்டிருக்கும். அந்த ஒன்றரை மணி என்பது இங்கே நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே நின்று சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரை. ஓடுபாதையின் கடைசிவரை மெதுவாகப் போய்த் திரும்புவது, உயரம் ஏறும்போது குறைவாக இருக்கும் வேகம், சென்னைக்கு மேல் இறங்க வரிசையில் சுற்றுவது, இறங்கியபின் நிற்க இடம் கிடைக்கும்வரை ஊர்வது எல்லாம் அதில் அடங்கும். அன்றைக்குப் பனியால் வரிசை நீண்டிருந்தது. இரண்டு சுற்று சுற்றித்தான் இறங்கினோம். வெளியே வந்து பெட்டியை எடுக்கும்போது மணி 12.40. கோவை விமானத்தின் கவுண்ட்டர் 11.15க்கே மூடியாயிற்று. நாங்கள் இறங்குவதற்குள் விமானமும் போய்விட்டது.

இங்கேதான் தனித்தனி டிக்கெட்டின் வலி தெரிந்தது. ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆராக எடுத்திருந்தால் முதல் விமானம் தாமதமானதற்கு அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு. பெட்டியும் வாகைக்குளத்தில் போட்டால் கோவையில்தான் கையில் வரும். தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் நேரத்துக்கு வராதவர்கள், அவ்வளவுதான். போன காசு போனதுதான். பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி சோதனைக்கு நின்று எல்லாம் முதலிலிருந்து. சென்னையில் உள்நாட்டு முனையமே டி1, டி4 என்று இரண்டு. நிறுவனம் மாறினால் முனையமும் மாறலாம். மிச்சம் பிடித்த தொகையைப்போல மூன்று மடங்கு கொடுத்து மாலை விமானத்துக்கு வேறு டிக்கெட் எடுத்தேன். ஆறு மணி நேரம் அம்மா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சக்கர நாற்காலி கேட்டதும் தந்தார்கள், தள்ளிக்கொண்டு போன பையன் அம்மாவை "பாட்டி, தண்ணி வேணுமா" என்று நாலு தடவை கேட்டான். அதை முதல்நாளே டிக்கெட்டில் பதிந்திருந்தால் காலையில் வாகைக்குளத்திலேயே நடக்காமல் இருந்திருப்பாள்.

அக்கா வீட்டுக்குள் நுழையும்போது இரவு ஒன்பது. ஆறரைக்குக் கிளம்பியது, பதினாலரை மணி நேரம். காரின் பின்சீட்டில் மெத்தை விரித்துப் படுக்க வைத்து, கோவில்பட்டி, மதுரை, திண்டுக்கல் என்று நிறுத்தி நிறுத்திப் போயிருந்தாலும் மத்தியானம் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். அம்மா கார் வேண்டாம் என்றது உண்மை. ஆனால் 50 நிமிஷம் என்று நான் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அதில் அவள் உறுதியாக நின்றாள்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மையப் பகுதி தப்பிவிட்டது என்று மறுநாள் டாக்டர் சொன்னார். அதைக் கேட்கும்வரை நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் பயணம் என்றாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள், நானும் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். நெல்லைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று விமான நிலையங்கள். வாகைக்குளம் பக்கம். மதுரையும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தூரம் ஒன்றுபோல இருந்தாலும் நேரம் அப்படி இல்லை. மதுரைக்கு நாலுவழிச் சாலை, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். திருவனந்தபுரம் வழியில் நாகர்கோவில் தாண்டினால் மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர் விட்டால் ஊர், நாலு மணி நேரமாவது கையில் வேண்டும். தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஆரியங்காவு வழி அது பக்கம். வளைகுடா நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் தோது. எந்த விமான நிலையம் என்று தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, நம் விமானம் ரத்தானால் நாம் போகிற ஊருக்கு அங்கிருந்து அன்றைக்கே அடுத்தது இருக்கிறதா என்பதைத்தான். சின்ன விமான நிலையத்தில் அடுத்தது என்பது பல நேரம் நாளைக்கு.

சென்னைக்கு மட்டும் என்றால் இப்படிப் பாருங்கள். வீட்டிலிருந்து வாகைக்குளம் முக்கால் மணி, அங்கே ஒன்றரை மணி, விமானத்தில் ஒன்றரை மணி, இறங்கி வெளியே வர அரை மணி, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக ஒரு மணி. ஐந்தேகால் மணி நேரம். 2023 செப்டம்பரில் விட்ட வந்தே பாரத் திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்கு 7 மணி 50 நிமிஷத்தில் போகிறது. விமானத்தில் மிச்சம் இரண்டரை மணி நேரம்தான். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அன்றைக்கு நமக்கு என்ன மதிப்பு என்பதைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளலாம். பெங்களூர் வேறு கதை. வானத்தில் 500 கிலோமீட்டர், தரையில் ஒரு முழு ராத்திரி. அங்கே விமானம் உண்மையிலேயே ஒரு நாளை மிச்சம் பிடித்துத் தருகிறது.

வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புது முனையம் திறந்தார்கள். ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பெரிய ஜெட் விமானங்கள் இறங்குகிற நீளம் அது. கோவைக்கும் ஒரு நாள் நேரடி விமானம் வரட்டும், எனக்கும் ஆசைதான்.

இனி சொல்லப்போவதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் டாக்டர், "ஊருக்கு எப்படிப் போறீங்க?" என்று கேட்டார். திரும்புவதற்கும் விமான டிக்கெட், இந்தத் தடவை ஒரே பிஎன்ஆரில், எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விலகிய விழித்திரையைத் திரும்ப ஒட்டவைக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைக்கிறார்கள். அது உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். குனிந்தே இருக்கச் சொல்வது அந்தக் குமிழி சரியான இடத்தில் போய் நிற்பதற்காகத்தான். விமானம் மேலே ஏறினால் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப்போலக் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கண்ணுக்குள் விரிய இடமில்லை. கண் அழுத்தம் ஒரேயடியாக ஏறி, பார்வையே போய்விடலாம். சின்ன விமானம் தாழத்தானே பறக்கும் என்று கேட்டேன். எந்த விமானமும் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குக் கூட்டிப்போகலாம் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் கூடாது. ஊட்டி 7,000 அடிக்கு மேல். கோவை ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்மூர் 50 மீட்டர்கூட இல்லை. தரை வழியாக இறங்கிப் போவதில் பயமில்லை என்றார். அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி அடையாளப் பட்டை என்று நினைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தால், கண்ணில் வாயு இருக்கிறது, விமானத்தில் போகக்கூடாது, வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தது.

வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாசமும் ஆகலாம். கண் ஆபரேஷனுக்கு வெளியூர் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை எடுப்பதற்கு முன் இதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, டாக்டர் கேட்டார்.

அம்மா அக்கா வீட்டில் இருபத்தைந்து நாள் இருந்தாள். குமிழி அவளுக்கே தெரிந்தது. "சொம்புத் தண்ணி தளும்புத மாதிரி ஒரு கோடு ஆடுதுய்யா" என்பாள். நாளுக்கு நாள் அந்தக் கோடு கீழே இறங்கி, கோட்டுக்கு மேலே உலகம் தெளிந்துகொண்டு வந்தது. பிறகு கோடு வட்டமாகியது. பட்டாணி அளவு, பிறகு மிளகு அளவு. திரும்பி வர இரவு ரயிலில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தேன். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் கிடைத்தது. மல்லாக்கப் படுக்கக் கூடாது என்பதால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். திண்டுக்கல் தாண்டியதும் தூங்கிவிட்டாள். எழும்பும்போது கயத்தாறுக் காற்றாலைகள்.

வந்த ஆறாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, "மொளவைக் காணும்ல" என்றாள். குமிழி போய்விட்டது என்று அவள் சொன்னாலும், பாளையங்கோட்டை டாக்டர் மருந்து விட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினோம்.